கொலு பரிசு: மண் பொம்மையா, காகிதக் கூழா, மரமா?

அக்கா மகளுக்குப் போன தையில் கல்யாணம். வருகிற புரட்டாசியில் கோயம்புத்தூரில் அவள் வீட்டில் முதல் கொலு. மரப்பாச்சி ஜோடியை அக்காவே வாங்கிவிட்டாள், அது அம்மா வீட்டு முறை. சித்தி பங்குக்கு ஒரு கல்யாண செட் நான் தர வேண்டும். அதோடு நவராத்திரிக்கு நான் வழக்கமாகப் பொம்மை கொடுக்கும் வீடுகள் இரண்டு. மூன்றையும் செய்கிறவர்களிடமே நேரில் போய் வாங்குவது என்று ஆடியிலேயே முடிவு செய்தேன். எதில் செய்தது என்பதில்தான் யோசனை ஓடியது.

பார்வைக்குக் காகிதக் கூழ் பொம்மைதான் முதலில் மனதைப் பிடிக்கும். மூக்கு, விரல், நகை எல்லாம் நறுக்கென்று வரும். எடை குறைவு. மேல்படியில் பெரிய பெருமாளை ஒரு கையால் தூக்கி வைக்கலாம். புதுச்சேரி திருக்கனூர் காகிதக் கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். விலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அளவையும் வேலைப்பாட்டையும் பொறுத்து மூன்றுமே ஏறி இறங்குகின்றன.

ஆனால் கொலு பொம்மை படியில் நிற்பது பத்து நாள். மிச்ச நாளெல்லாம் பரணில். பரிசு வாங்கும்போது நாம் அந்தப் பத்து நாளை மட்டும்தான் நினைத்துப் பார்க்கிறோம். விஜயதசமி முடிந்து பொம்மைகளைக் கட்டி மேலே ஏற்றுகிற நேரத்தையும் கவனியுங்கள். ஐப்பசி பிறக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும். வருடத்திலேயே சுவர் அதிகம் ஈரம் இழுக்கும் மாதங்களில்தான் பொம்மை மூடிய பெட்டிக்குள் போகிறது.

எங்கள் வீட்டில் இதை நேராகவே பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கடையில் காகிதக் கூழில் தசாவதாரம் செட் வாங்கினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தேன். அந்தக் கார்த்திகையில் பரண் சுவர் ஊறிவிட்டது. அடுத்த வருடம் பிரித்தால் கூர்மம், வராகம், வாமனன் மூன்றுக்கும் அடிப்பாகம் உப்பி, பெயின்ட் கொப்பளித்திருந்தது. பிளாஸ்டிக் ஈரத்தை வெளியே விடவில்லை. கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "நாங்க வாங்கி விக்கிறவங்க, புதுசுதான் வாங்கிக்கணும்" என்றார்கள். அவர்களைச் சொல்லியும் பயனில்லை, செய்தது யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. தசாவதாரத்தில் மூன்று போனால் மிச்ச ஏழு பொம்மையை எப்படி வைப்பது?

மண் பொம்மையும் கெடும், இல்லையென்று சொல்லவில்லை. கைதவறினால் உடையும். ஈரச் சுவரை ஒட்டி வைத்தால் பெயின்ட் உரியும். ஆனால் சூளையில் சுட்ட மண் ஊறி உருவம் மாறாது. பெயின்ட் போனால் அடித்துக்கொள்ளலாம், உடைந்தால் ஒட்டலாம். இங்கேதான் செய்தவரிடமே வாங்குவதன் பலன் தெரிகிறது. மதுரையில் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது விளாச்சேரி. தெருவில் வீட்டுக்கு வீடு பொம்மை காயும். பிசைந்த களிமண்ணை அச்சில் அழுத்தி, முன்பாதி பின்பாதி சேர்த்து, நிழலில் உலர்த்தி, சூளையில் வைத்து, அப்புறம் வண்ணம். அச்சு அவர்கள் வீட்டிலேயே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் என் கிருஷ்ணனின் குழல் பிடித்த கை ஒடிந்தபோது, வாங்கின வீட்டுக்கே கொண்டுபோனேன். அதே அச்சில் ஒரு கையை எடுத்து, சுட்டு, ஒட்டி, பழைய நீலத்துக்கே நிறம் சேர்த்துக் கொடுத்தார் அந்த அம்மா. மறுவாரம் போய் வாங்கி வந்தேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

பரிசு கொடுக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பொம்மையோடு அதைச் சரி செய்யத் தெரிந்த ஒரு மனிதரையும் சேர்த்தே கொடுக்கிறோம். அச்சு அவர் கையில் இருக்கும்வரை, பத்து வருடம் கழித்து ஒரு தலை போனாலும் செட் முழுசாகும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். மண் என்ற பெயரில் பிளாஸ்டர் ஆப் பாரிஸும் விற்கிறது. அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். வண்ணம் படாத இடத்தில் செம்மண் நிறம் தெரிந்தால் சுட்ட மண். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சுட்ட மண்ணை விரலால் சுண்டினால் கணீரென்று இருக்கும். பராமரிப்பு அதிகமில்லை. ஈரத்துணி போடாமல் காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சுவரைத் தொடாமல் வைத்தால் போதும்.

மர பொம்மை எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான், அதனால் கொஞ்சமாகவே சொல்கிறேன். கர்நாடகத்துச் சன்னபட்டணத்து பொம்மை வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கை அழுத்தி நிறமேற்றுவது. பளபளப்பு இதுவரை மங்கவில்லை. ஆனால் கடைசலில் உருண்டை வடிவம்தான் சுலபமாக வரும். மாலை மாற்றும் கல்யாண செட்டின் முகபாவத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு ஆந்திராவின் கொண்டபள்ளி மர பொம்மைதான் சரி. லேசான பொனிகி மரத்தில் தசாவதாரம், கிராமத்துக் காட்சி எல்லாம் செதுக்குகிறார்கள். பரணில் மரம் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதற்கு என் இரண்டு வருட அனுபவம் போதாது.

கூரியரில் வெளிநாடு போக வேண்டுமென்றால் மண்ணைச் சொல்ல மாட்டேன். காகிதக் கூழோ மரமோதான் நல்லது. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கும் மரம்தான். என் பட்டியலில் அப்படி ஒரு வீடு பெங்களூரில் இருக்கிறது. அங்கே சன்னபட்டணம் போகிறது.

மற்ற இரண்டும் விளாச்சேரி மண். நேரில் சொல்லி வாங்குகிறவர்கள் ஆடிக்குள் போய்விடுங்கள். ஆவணியில் பிள்ளையார் வேலை, அப்புறம் கொலு நெருக்கடி, அது முடிந்தால் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று அவர்களுக்குக் கை ஓயாது. முன்கூட்டிப் போனதால் பெண் பொம்மைக்கு அக்கா மகளின் முகூர்த்தப் புடவை நிறமான அரக்கும் பச்சைக் கரையும் சொல்லிச் செய்ய முடிந்தது. போட்டோவை போனில் காட்டினேன். "கரையில சரிகை எம்புட்டு அகலம்க்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் அந்த அம்மா பிரஷ்ஷைத் தொட்டார்.

வைக்கோல் வைத்துக் கட்டி, ரயிலில் மடியில் வைத்தே கோவைக்குக் கொண்டுபோகப் போகிறேன். பெட்டி மூடியின் உள்பக்கம் அவருடைய போன் நம்பரை அழியாத மையில் எழுதி ஒட்டியாயிற்று.