இரண்டாம் தண்ணீர் என்று சிரித்தேன்

முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டியவன் நான். வைனை வாயில் வைத்தாலும் நாக்கு முதலில் துவர்ப்பைத்தான் தேடும். மருமகன் நுவரெலியாக் கடையொன்றில் இரண்டு இத்தாலியச் சிவப்பு வைன் வாங்கி வந்தார். விலையை எழுதவில்லை, மனைவி படிப்பாள்.

முதலாவது, கறுப்புச் சேவல் முத்திரை போட்ட கியாந்தி கிளாசிகோ. இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியில் விளையும் சஞ்சோவேசே திராட்சை குறைந்தது 80 சதவீதம் இருந்தால்தான் அந்தச் சேவல் கிடைக்கும். 1872இல் அங்கே வைன் செய்த ரிக்காசோலி பிரபு எழுதிய கலவைக் கணக்கு எனக்குப் பிடிக்கும்: வாசத்துக்கும் வீரியத்துக்கும் சஞ்சோவேசே, அதன் முரட்டுத்தனத்தை அடக்கக் கனயோலோ என்ற இன்னொரு திராட்சை, அன்றாடம் குடிப்பதை இலேசாக்க மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. வாசத்துக்கு நுவரெலியா, சாயத்துக்குத் தாழ்நிலத் தூள் என்று நாங்கள் கலப்பதும் இதே கணக்குத்தான். வெள்ளைத் திராட்சையை மட்டும் 2006இலிருந்து கிளாசிகோவில் சேர்க்க விடுவதில்லை.

ஆனால் எங்கள் போத்தலின் லேபிள் ஒரு பக்கம் வெளிறியிருந்தது. தக்கை நகத்தளவு மேலே எழும்பியிருந்தது. வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாயில் காய்ச்சிய ஜாம்தான் வந்தது. பாவம், சேவல் என்ன செய்யும்?

இரண்டாவது வல்பொலிசெல்லா ரிப்பாசோ, வெரோனாப் பக்கத்து மலைச்சரிவில் விளையும் கொர்வீனா, ரொந்தினெல்லா திராட்சைகளின் கலவை. அங்கே அமரோனே என்ற வைனுக்காகத் திராட்சையைத் தட்டுகளில் பரப்பி மாதக்கணக்கில் வாட்டுகிறார்கள். நாங்கள் ஓர் இரவில் முடிக்கிற வேலை! அமரோனே வடித்த பின் மிஞ்சும் சக்கையில் இளம் வல்பொலிசெல்லாவை ஊற்றி மறுபடி நொதிக்க விட்டால் ரிப்பாசோ.

கேட்டதும் சிரித்துவிட்டேன். தோட்டத்து லய வீட்டில் மாதக் கடைசியில் அம்மா பழைய தூளிலேயே மறுபடி சுடுநீர் ஊற்றித் தருவார். அந்த வெளிறிய தேத்தண்ணீரில் வளர்ந்த வாய் இது. இரண்டாம் தண்ணீருக்கு இவ்வளவு காசா?

குடித்த பிறகு சிரிப்பு நின்றது. உலர்ந்த திராட்சை, கொஞ்சம் கராம்பு, அடியில் மெல்லிய கசப்பு. துவர்ப்பு ஈறைப் பிடித்து, மெல்ல விட்டது. பதமாக வாடிய கொழுந்தில் மட்டுமே நான் கண்ட துவர்ப்பு அது. அம்மாவின் சக்கையில் எதுவும் மிச்சமிருக்கவில்லை. இவர்களுடையதில் நிறைய இருந்திருக்கிறது.

கட்டச்சம்பலோடு குடிக்க வேண்டாம், நாக்கு எரியும். மிளகாய் குறைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு நன்றாகப் போனது. ரிப்பாசோவை மறுபடி வாங்குவேன், இருட்டில் படுக்க வைத்திருக்கும் கடையில். மூடி வைத்த கால் போத்தல் மறுநாள் இரவும் குலையவில்லை. மருமகனுக்கு அதில் அரைக் கிளாஸ்தான் கொடுத்தேன்.