பெரியவர்களுக்கான சத்துப் பவுடர்: ஏழு டின் குடித்த அனுபவம்

எனக்கு வயது 67. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை நோய் வந்து 14 வருஷம். பொங்கலுக்கு வந்த மகன், நான் தரையிலிருந்து எழச் சுவரைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறான். அவன் ஊர் திரும்பிய நாலாம் நாள் கூரியரில் இரண்டு டின் வந்தது. அப்புறம் ஐந்து டின் நானே வாங்கினேன்.

சுவை நன்றாகவே இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் கட்டி தட்டாமல் கரைகிறது. கொதிக்கிற பாலில் போட்டால்தான் திரிந்த மாதிரி ஆகிறது. 400 கிராம் டின் 690 ரூபாய். ஒரு வேளைக்கு 30 கிராம் என்றால் 13 நாளில் தீர்ந்துவிடும்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்ததை நம்பினேன். ஆனால் பவுடர் குடித்த காலையில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்த்தால் 214. குடிக்காத நாளில், அதே இட்லிக்கு, 168. பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். பால் பவுடருக்கு அடுத்ததாக இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்துச் செய்வது அது. சீனி என்று பெயர் இல்லையே தவிர, ரத்தத்தில் சர்க்கரையைக் குளுக்கோஸ் போலவே வேகமாக ஏற்றும். இதை அந்தக் கம்பெனி முன்பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சர்க்கரைக்காரர்கள்தான் அந்த வரியை நம்பி வாங்குகிறோம்.

புரதம் 30 கிராமுக்கு 6 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 கணக்கு, கிலோ எடைக்கு 0.83 கிராம். என் 62 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 51 கிராம் வருகிறது. காலையில் இட்லி, மதியம் குழம்புச் சோறு, இரவு உப்புமா என்று இருந்த நான் அதில் பாதியைத் தொட்டிருந்தால் அதிசயம். வயதானால் தசை தானாகக் கரையும். புரதமும் குறைந்து, காலுக்கு வேலையும் இல்லையென்றால் இன்னும் வேகமாகக் கரையும். அந்த 6 கிராம், 30 கிராம் கொண்டைக்கடலையிலேயே இருக்கிறது. ஊறப்போட்டுச் சுண்டல் செய்தால் ஐந்து ரூபாய்கூட ஆகாது. ஒரு முட்டையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இப்போது காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் சுண்டல், இரவில் ஒரு டம்ளர் மோர் கூடுதலாக. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

பாத எரிச்சலுக்கும் இந்தப் பவுடரே போதும் என்று இருந்துவிட்டேன், லேபிளில் நரம்புக்கான பி12 வைட்டமின் இருந்ததால். அது என் தவறு. ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு 168. 200க்குக் கீழே போனாலே குறைபாடு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐச் சரியாக உறிஞ்சாது என்று டாக்டர் சொல்லி ஊசி போட்டார். எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

காலுக்கு வலு கொடுத்தது நாற்காலிதான். கையை ஊன்றாமல், மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும். 30 விநாடியில் எத்தனை முறை என்று எண்ண வேண்டும். என் வயது ஆண்களுக்கு 12க்குக் குறைந்தால் கால் வலு போதாது என்று கணக்கு. பவுடர் குடித்த மூன்று மாதமும் 7, 8-ஐத் தாண்டவில்லை. முட்டையும் சுண்டலும் தினம் இரண்டு வேளை இந்தப் பயிற்சியும் சேர்ந்து பத்து வாரம் ஆனதும் 13 வந்தது.

அதற்காகப் பவுடரே வீண் என்று சொல்ல மாட்டேன். என் அக்காவுக்கு 78 வயது, சர்க்கரை கிடையாது. நிமோனியா வந்து மீண்ட பிறகு அரைக் கிண்ணம் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. பல்லும் இல்லாததால் சுண்டலை மெல்ல முடியாது. டாக்டரைக் கேட்டுவிட்டு, மீதியிருந்த டின்னைக் கொடுத்தேன். கஞ்சியில் கலந்து இரண்டு வேளை குடித்தார். இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ ஏறி, இப்போது வாசல் வரை தானே நடந்து வருகிறார். அவருக்கு அடுத்த டின்னை நேற்றுதான் வாங்கிக் கொடுத்தேன்.