சிகரெட் கறைக்குச் சலவை சோடா: இரண்டு வருட அனுபவம்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டின் முன்னறை, அப்பா முப்பது வருடம் சிகரெட் பிடித்த இடம். சுவர் முழுக்க டிகாஷன் நிறம். காலண்டரைக் கழற்றிய அன்றைக்குத்தான், அதன் பின்னால் இருந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்து, இது வெள்ளைச் சுவர் என்பதே ஞாபகம் வந்தது.

"பெயிண்ட் அடிச்சா போயிடும் கண்ணு" என்றார் அம்மா. அடித்தோம். அடுத்த மழைக்கே மஞ்சள் திட்டுகள் மேலே வந்துவிட்டன, வாடையும் கூடவே. சிகரெட் புகை சுவரில் விட்டுப்போகும் தாரும் நிகோடினும் தண்ணீர் கலந்த பெயிண்டில் ஊறி மேலேறி விடுமாம். பெயிண்ட் காசு தண்டம்.

அப்புறம்தான் லீ பஜாரில் சலவை சோடா வாங்கினேன். ஆப்ப சோடா வேறு, கேட்டு வாங்குங்கள். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு கைப்பிடி. கையுறை கட்டாயம், முதல் நாள் போடாமல் விரல் நுனியெல்லாம் உரிந்தது. கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலே ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு கோடாக நின்றுவிடும். முதல் தடவை துணியைப் பிழிந்தபோது வெல்லப்பாகு மாதிரி தண்ணீர் இறங்கியது. மூன்றாவது தடவைதான் ஓரளவு தெளிந்தது. கடைசியில் வெறும் தண்ணீரில் ஒருமுறை. இல்லாவிட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். நன்றாகக் காயவிட்டு, ஆயில் பிரைமர், அதன்மேல் பெயிண்ட். இரண்டு மழைக்காலம் போயிற்று, திட்டு இல்லை.

எல்லா இடத்துக்கும் ஆகாது. நடையில் டிஸ்டெம்பர் சுவர். துடைத்தால் கறைக்கு முன்னால் சுண்ணாம்புதான் கையோடு வந்தது. அலுமினிய ஜன்னல் சட்டம் கறுத்துப் போனது, அது என் தவறு. ஃபேன் இறக்கைக்குப் பாத்திரம் கழுவும் சோப்பே போதும். கண்ணாடிக்குப் பாதி வினிகர், பாதி தண்ணீர். நிகோடின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) உள்ளது, வினிகரின் புளிப்புக்கு இளகும். வினிகர் தொட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுபோகாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சோபா பஞ்சை எதுவும் காப்பாற்றவில்லை, தூக்கிப் போட்டோம்.

அப்பா இப்போது மொட்டை மாடியில்தான் பிடிக்கிறார். மர பீரோவின் கீழ் இழுப்பறையைத் திறந்தால் மட்டும் இன்னும் அதே வாடை. அதில் கரண்ட் பில்லைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.