மூட்டு வலி மாத்திரைகளில் சிறுநீரகத்துக்கு எது தேவலை?

தை, மாசியில் எங்கள் கோபிப் பக்கம் மஞ்சள் வெட்டு நடக்கும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவர்கள் பொழுதோடு மெடிக்கலுக்கு வருவார்கள். அப்படி ஒரு கடையில் பல வருடமாக நிற்கிறேன். முன்பெல்லாம் "நல்லாக் கேக்கற மாத்திரையாக் குடுங்க" என்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "ஏனுங்க, கிட்னிக்கு ஒண்ணும் பண்ணாத வலி மாத்திரை எதுங்க?"

மாத்திரையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த உடம்பில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். அங்கே உள்ள லட்சக்கணக்கான வடிகட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ரத்தம் வரும் குழாய் ஒன்று, போகும் குழாய் ஒன்று. கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்த காலத்தில் வயலில் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் வரும் மடையை அகலத் திறக்க வேண்டும், வெளியேறும் மடையை அடைக்க வேண்டும். சிறுநீரகமும் அதைத்தான் செய்கிறது. போகும் குழாயை இறுக்குவது ஆஞ்சியோடென்சின். வரும் குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். இரண்டுமே உடம்பே செய்துகொள்ளும் சைகைப் பொருள்கள்.

புரோஸ்டாகிளாண்டின் வேலை செய்ய, குழாய்ச் சுவரின் தசைச் செல்லில் அந்தச் சைகையை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் உட்கார வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற ஒரே பொருளுக்கு நான்கு ஏற்பிகள் இருக்கின்றன. இபி2, இபி4 இரண்டும் தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கும். இபி1 செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி இறுக்கும். இபி3 தளர்த்தும் சைகையைக் குறைத்து இறுக்கத்துக்குத் துணைபோகும். அதாவது ஒரே பொருள், எதிரெதிர் வேலை. எந்த ஏற்பி எங்கே இருக்கிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. வரும் குழாயில் இபி4 கை ஓங்கியிருப்பதால் மடை திறக்கிறது. புரோஸ்டாசைக்ளின் என்ற உறவுக்காரப் பொருளும் ஐபி ஏற்பி வழியாக அதே பக்கம் நிற்கிறது. திராம்பாக்சேன் என்ற இன்னொரு உறவுக்காரப் பொருள் மட்டும் டிபி ஏற்பி வழியாக எதிர்ப்பக்கம்.

உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கும் இளவட்டத்துக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். வெயிலில் வற்றியவர், வயிற்றுப்போக்கு வந்தவர், இதயம் பலவீனமானவர், வயதானவர் ஆகியோருக்குத்தான் சிறுநீரகம் இதை நம்பி ஓடுகிறது.

சரி, மாத்திரைகளுக்கு வருவோம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எதுவும் இந்த ஏற்பிகளைத் தொடுவதில்லை. காக்ஸ் என்ற நொதியை அடைத்து, புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்துகின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். மூட்டில் வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டினும் போகிறது, சிறுநீரகத்தில் மடையைத் திறக்கும் புரோஸ்டாகிளாண்டினும் போகிறது. இவற்றுக்குள் ஒரு வித்தியாசம் சொல்லலாம். ஐபுபுரூஃபென் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும், நாப்ராக்சென் அரை நாளுக்கு மேல் நிற்கும். வற்றிய உடம்புக்கு நீண்ட நேரம் நிற்பது கூடுதல் பாரம். ஆனால் வேளைக்கு ஒன்றாக வாரக்கணக்கில் விழுங்கினால் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது செலிகாக்சிப், எடோரிகாக்சிப். விலை கூடுதல் என்பதால் பாதுகாப்பும் கூடுதல் என்று பலரும் நம்புகிறார்கள். வயிற்றைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. காக்ஸ் நொதியில் இரண்டு வகை உண்டு. இரைப்பையைக் காப்பது முக்கியமாக காக்ஸ்-1. இவை தடுப்பது காக்ஸ்-2. ஆனால் காக்ஸ்-2 வீக்கம் வந்தால் மட்டும் முளைக்கும் நொதி என்பது பழைய பாடம். சிறுநீரகத்தில் அது எப்போதும் இருக்கிறது, உடம்பில் உப்பும் நீரும் குறையும்போது இன்னும் கூடுகிறது. எனவே செலிகாக்சிப் போட்டாலும் மடை மூடும், கால் வீங்கும், பிபி ஏறும். அல்சர் உள்ளவருக்கு இதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. சிறுநீரகத்துக்காகத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இல்லை.

"மெலாக்சிகாம் பரவாயில்லையாமே, கழுகே சாகலையாம்" என்று ஒரு மாட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இருக்கின்றன. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாட்டின் சடலத்தைத் தின்று இந்தியா முழுவதும் பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் பாறுகளைக் கொல்லவில்லை என்பதால் மாட்டுக்கு அதைப் போடச் சொல்கிறார்கள். மாட்டுக்கு அவசியம் அதையே கேளுங்கள். ஆனால் அது பறவையின் கணக்கு. மனிதச் சிறுநீரகத்தில் மெலாக்சிகாமும் மற்றவற்றைப் போல மடையை மூடும் மருந்துதான்.

பாராசிட்டமால் வேறு ரகம். சரியான அளவில் சிறுநீரகத்தின் புரோஸ்டாகிளாண்டினை அது பெரிதாகக் குறைப்பதில்லை. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் கூடாது, குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் இன்னும் குறைவு. முட்டி தேய்மானத்துக்கு அது அவ்வளவாகக் கேட்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டிக்கு என் ஓட்டு டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்குத்தான். தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சுமார் 6 சதவீதம், ஆனால் முட்டியில் வேலை நடக்கிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே ஜெல் எட்டாது. இன்னொன்று, கடைகளில் அதிகம் போகும் வலி மாத்திரைகளில் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஒன்றாகச் சேர்ந்தே இருக்கும். பட்டையைத் திருப்பிப் படிக்காமல் "பாராசிட்டமால்தானே" என்று நினைக்காதீர்கள்.

உற்பத்தியை நிறுத்தாமல் ஒரே ஒரு ஏற்பியை மட்டும் அடைத்தால் என்ன? அப்படி ஒரு மருந்து இருக்கிறது. கிராபிபிரன்ட் என்று பெயர், இபி4ஐ மட்டும் அடைக்கும். 2016இல் அமெரிக்காவில் நாய்களின் மூட்டு வலிக்கு அனுமதித்தார்கள். மற்ற ஏற்பிகளின் வேலை தடைபடாது என்பது அதன் பலம். ஆனால் சிறுநீரகத்தின் மடையைத் திறப்பதும் அதே இபி4 என்பதை மறக்க முடியவில்லை.

இதெல்லாம் என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, நேர்ந்ததில் கற்றது. நம்பியூர் பக்கம் தோட்டத்தில் இருந்தார், பிபிக்கு டெல்மிசார்டன் சாப்பிட்டார். பட்டையில் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று இருந்ததை நான்கூடக் கவனிக்கவில்லை. நீரைப் பிரிக்கும் மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, கூடவே முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக். ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் டெல்மிசார்டன் போகும் மடையைத் தளர்த்தியது, 'ஹெச்' தண்ணீரை இறைத்தது, டைக்ளோஃபெனாக் வரும் மடையை மூடியது. மூன்றும் தனித்தனியே நல்ல மருந்துகள். நான்காம் நாள் சிறுநீர் குறைந்துவிட்டது. பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.6க்கு ஏறியிருந்தது. எங்கள் பக்கம் அதைத்தான் 'உப்பு' என்பார்கள். "ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சு" என்று வீட்டில் அழுதார்கள்.

மருத்துவர் வலி மாத்திரையை நிறுத்தினார், பிபி மாத்திரையைச் சில நாள் தள்ளிவைக்கச் சொன்னார், சலைன் ஏற்றினார். மூன்று வாரத்தில் 1.1க்கு வந்தது. அதற்குப் பிறகு அம்மாயி முட்டிக்கு ஜெல் மட்டும்தான் தடவினார். பிபி மாத்திரை வாங்க யார் வந்தாலும் "முட்டி வலிக்கு என்ன சாப்பிடறீங்க?" என்று நான் இப்போது முதலில் கேட்டுவிடுகிறேன்.