டெக் போடப் போகிறீர்களா? பலகைக்கு அடியில் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் மரத்தில் டெக், அதாவது வெளியே உட்காரப் பலகைத் தளம், போடும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். முடித்தபோது பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டாவது மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய பக்கம் இறங்கத் தொடங்கியது. கூப்பிட்டுச் சொன்னால், "மரம்னா அப்படித்தான் சார், வெயில் வந்தா சரியாயிடும்" என்றார். அப்புறம் போனை எடுப்பதே இல்லை.

வேறொரு தச்சரை வரவழைத்துச் சில பலகைகளைக் கழற்றினோம். டெக்கின் பாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சுமப்பது, வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பொருத்தும் நீளக் கட்டைதான். அதைக் கான்ட்ராக்டர் வெறும் ஆணியில் தொங்கவிட்டிருந்தார்! டெக் ஆடும்போது ஆணி கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வந்துவிடும். அங்கே தடித்த போல்ட்தான் போட வேண்டும். டெக்குகள் இடிந்து விழும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இடம்தான். கட்டைக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தடுக்கும் தகடும் இல்லை. தச்சர் அந்தக் கட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், கைப்பிடி வரை உள்ளே போனது.

கொட்டேஷனில் மருந்தேற்றிய மரம், அதாவது உளுத்துப்போகாமல் இருக்க மருந்து ஏற்றியது, என்றுதான் இருந்தது. கண்ணில் படும் பலகைகளும் கீழ்ச் சட்டங்களும் அப்படித்தான். அந்தக் கட்டை மட்டும் சாதா மரம். சட்டங்களில் அடித்த ஆணிகளோ துருப்பிடித்து மெலிந்திருந்தன. மரத்துக்கு ஏற்றும் மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும், அது சாதா இரும்பை அரித்துவிடும். நல்ல துத்தநாகப் பூச்சோ துருப்பிடிக்காத எஃகோ போட்டால் எவ்வளவு கூடிவிடப்போகிறது? தூண்களை மண்ணில் அப்படியே நட்டிருந்தது தனிக்கதை.

"சின்ன வேலைதானே, அனுமதியெல்லாம் எதுக்கு" என்று அவர் ஆரம்பத்தில் சொன்னதன் அர்த்தம் இப்போது புரிகிறது. அனுமதி கேட்கும் ஊர்களில், பலகை மூடுவதற்கு முன்பே அடிச்சட்டத்தை அதிகாரி வந்து பார்ப்பது வழக்கம். அப்படி யாரும் வராத இடமென்றால் நீங்களே குனிந்து பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். போல்ட், தகடு, மர வகை எல்லாம் கொட்டேஷனில் தனித்தனி வரியாக இருக்கட்டும். எங்களுக்கு வந்ததில் இருந்தது ஒரே வரி, அதற்கு நேரே மொத்தத் தொகை.

பலகைகளை மட்டும் காப்பாற்றி, அடிச்சட்டத்தைப் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த மனிதர் தன் விளம்பரத்தில் எங்கள் டெக்கின் படத்தை இன்னும் வைத்திருக்கிறார். மேலிருந்து எடுத்த படம்தான்.