டைட்டானிக் மூழ்கினதுக்கு ஸ்பீடு காரணமா, ரிவெட் (கப்பல் தகடுகளை இணைக்கிற ஆணி) காரணமா?

ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போடுறாங்க, சரி ஒவ்வொண்ணா வெச்சுப் பாப்போம்.

பனிப்பாறையில மோதினது ஏன்?
ஸ்பீடு: 1912 ஏப்ரல் 14, ராத்திரி 11:40, நிலா இல்ல, ஐஸ் இருக்குன்னு வார்னிங் மேல வார்னிங் வந்தும் 22 நாட் (மணிக்கு சுமார் 41 கி.மீ.) வேகத்துல போயிட்டே இருந்தாங்க. பக்கத்துல கலிஃபோர்னியன் கப்பல் ஐஸைப் பாத்து நின்னே போச்சு!
ரிவெட்: இதுல அதுக்கு வேலையே இல்ல.

தண்ணி அவ்ளோ வேகமா ஏறினது ஏன்?
ஸ்பீடு: மோதலோட பலம், அவ்ளோதான்.
ரிவெட்: முன்பக்கம் கையால அடிச்ச இரும்பு ரிவெட், அதுல கசடு (இரும்புல கலந்த கழிவு) ஜாஸ்தி, தலை தெறிச்சு தகடு பிரிஞ்சிருக்கும்னு உலோக ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, நம்புறமாதிரிதான் இருக்கு. முன்னாடி 4 அறை நிரம்பினாலும் மிதக்கும்னு கட்டின கப்பல், ஆனா 6 அறையில தண்ணி, 2 மணி 40 நிமிஷத்துல முடிஞ்சுது.

ஆனா அதே கப்பல் கட்டுற யார்டுல அதே டிசைன்ல கட்டின ஒலிம்பிக் கப்பல் 1935 வரைக்கும் ஓடுச்சே? அதனால என் ஓட்டு ஸ்பீடுக்குத்தான். ஏன் இவ்ளோ சீக்கிரம் மூழ்குச்சுன்னு மட்டும் கேட்டா ரிவெட்டைப் பேசலாம். 1500 பேர் செத்தது ஏன்னு கேட்டா ரெண்டும் இல்ல, சுமார் 2200 பேருக்கு இருந்தது 20 லைஃப்போட், அதுல 1178 பேருக்குத்தான் இடம்.