குண்டு துளைக்காத அங்கி: கொழும்பின் வெக்கையில் ஒரு நீண்டகாலப் பாவனை

கொழும்பிலிருந்து செய்திப் படப்பிடிப்புக்குச் செல்லும் நான், போர்க்காலத்தில் அணிந்தது கெவ்லார் என்னும் உறுதியான செயற்கை இழையால் ஆன, தகடில்லாத பழைய அங்கி. இப்போது அணிவது முன்னும் பின்னும் பீங்கான் தகடு செருகும் வகை.

பழையது எறிகணைச் சிதறலையும் கைத்துப்பாக்கிச் சன்னத்தையும் மறிக்கும். ரைபிள் சன்னத்தை மறிக்காது. அதைத் தயாரிப்பின் குறையாகக் கொள்ள முடியாது. களத்தில் எது அதிகம் பேரைக் கொன்றதோ, அதற்கு ஏற்பவே கவசமும் மாறி வந்திருக்கிறது. 1915இல் பிரித்தானியப் படையினருக்கு வந்த பிரோடி எஃகுத் தொப்பி அகன்ற விளிம்போடு அமைந்ததன் காரணம், பதுங்குகுழிக்கு மேலே வெடித்துச் சொரிந்த சிதறல்கள்தான். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானப் படையினர் மாங்கனீசு எஃகுத் தகடுகள் தைத்த அங்கியை அணிந்தனர். கொரியப் போரில் நைலோனும் கண்ணாடியிழைத் தகடும் அதை ஓரளவு இலகுவாக்கித் தரைப்படையினருக்கும் கொண்டுவந்தன. 1965இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் கண்டறிந்த இழையின் வழிவந்த கெவ்லார், 1980களில் அமெரிக்கப் படையின் அங்கிக்கும் தலைக்கவசத்துக்கும் வந்து சேர்ந்தது. ரைபிள் சன்னத்தை நொறுக்கும், போரன் கார்பைடு என்னும் கடினப் பீங்கானால் ஆன தகடுகள் பரவலானது ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களின் போதுதான்.

இத்தனை மாற்றத்திலும் பாரம் மட்டும் குறைந்தபாடில்லை. நடுத்தர அளவுத் தகடு ஒன்றே ஏறத்தாழ 1.8 கிலோ, அமெரிக்கரின் பழைய எம்1 எஃகுத் தலைக்கவசம் சுமார் 1.3 கிலோ இருக்க, அதற்குப் பின்வந்த கெவ்லார் தலைக்கவசம், காதையும் பிடரியையும் கூடுதலாக மூடுவதால், அளவைப் பொறுத்து 1.4 முதல் 1.9 கிலோ வரை இருக்கும். கமராவைத் தோளில் ஏற்றும்போதெல்லாம் தோற்பட்டை நழுவுவதும், அதன் வெல்குரோ சட்டைக் கொலரைப் பிடித்திழுப்பதும் தகடு வந்த பின்னர் கூடிய தொல்லைகள்.

நம்மூர் வெக்கைதான் பெரிய சோதனை. சற்று நேரம் அணிந்தாலே உள்ளாடை நனைந்து, அக்குளோரத்தில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்துவிடும். இதை வெறும் அசௌகரியமாகக் கருதக் கூடாது. அமெரிக்காவில் பொலிஸ் அலுவலர் ஒருவரின், சைலோன் என்னும் வேறொரு செயற்கை இழையால் ஆன அங்கியை 2003இல் சன்னம் துளைத்த பின்னர், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அவ்விழை நலிவடைவது ஆய்வில் தெரியவர, 2005இல் அதற்கான அங்கீகாரம் விலக்கப்பட்டது. கெவ்லார் அவ்வளவு மோசமில்லையென்றாலும் வெயில் அதற்கு ஆகாது. எனவே மேலுறையை மட்டும் கழற்றித் துவைத்து, உள்ளடுக்கை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் மட்டமாகக் கிடத்திக் காயவிடுகிறேன். தகட்டைக் கீழே போடாதிருப்பதும் முக்கியம். பீங்கானில் விழும் மயிரிழை வெடிப்பு வெளியே தெரியாது.

பழைய அங்கி வாங்குவோர் உட்சீட்டிலுள்ள தயாரிப்புத் திகதியைப் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர்கள் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கே பொறுப்பேற்கின்றனர். நகரத்து ஆர்ப்பாட்டங்களைப் படம்பிடிக்க மட்டுமே தேவையென்றால் இந்தச் செலவு வீண். 2022இல் காலிமுகத்திடல் பக்கம் கண்ணீர்ப்புகை வீசப்பட்ட நாட்களில் எனக்கு உதவியது முகமூடிதான். அங்கி வாகனத்திலேயே கிடந்தது.